கட் ஆனதும் கட் பண்ணியதும்

"கட் ஆயிடுச்சா, இல்ல கட் பண்ணிட்டியா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இந்தச் செய்தி என் கைபேசிக்கு வந்தபோது எதிரே டிவி திரை கறுத்துக் கிடந்தது. மகள் அதன் முன்னால் பாதி கடித்த முறுக்கோடு நின்று, "அப்பா போச்சு" என்றாள். அவளுக்கு அப்போது இரண்டரை வயது. போனது என்று மட்டும்தான் அவள் சொன்னாள். போனதா, போக்கடிக்கப்பட்டதா என்று கேட்டவர் என் கணவர்.

அது 2016 கோடை. அவர் வளைகுடா நாடு ஒன்றில் ஏசி மெக்கானிக். நான் விழுப்புரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நானும் மகளும் குடியிருந்தது திண்டிவனத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு மாடிப் போர்ஷனில். கீழே வீட்டுக்காரர் குடும்பம். எங்கள் தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. காலையில் மகளைக் கீழ்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ரயில் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவேன். ரயில் முண்டியம்பாக்கத்தில் சிக்னலுக்கு நிற்கும்போதுகூட, படியில் ஏறுகிறாளோ, எதையாவது வாயில் போட்டுக்கொண்டாளோ என்று மனம் திண்டிவனத்திலேயே நிற்கும்.

விடுமுறையில் வந்தபோது அவர் ஒரு சின்னக் கணினிப் பலகையை வாங்கி வந்திருந்தார். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் அளவு. ஆனால் முழுக் கம்ப்யூட்டர். டிவியோடு இணைத்து ஒரு கேமராவைச் செருகிவிட்டால் டிவியிலேயே முகம் பார்த்துப் பேசலாம். கைபேசியில் பேசினால் மகள் அதைப் பிடுங்கிச் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிடுவாள். அப்பா என்பவர் எலுமிச்சம்பழ அளவில் ஒரு முகம் என்றே அவள் நினைத்திருந்தாள். டிவியில் அவர் நிஜ அளவில் வந்த முதல் நாள் பயந்துபோய் என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். பிறகு பழகிவிட்டது. ஞாயிறு மதியம் ஆனால் தானாகவே போய் டிவிக்கு எதிரில் உட்கார்ந்துகொள்வாள்.

அந்த மதியம் ஒன்றுதான் எங்களுக்கு வாய்த்தது. எனக்கு விடுமுறை, அவருக்கு ஷிஃப்ட் தொடங்குவதற்கு முந்தைய நேரம். அவருடைய அறையில் பலர் தங்கியிருந்தார்கள், நெட் ஒன்றுதான், முறை வைத்துப் பேசுவார்கள். நடுவில் இணைப்பு போனால் பலகையை அணைத்து, ஆறவிட்டு, மறுபடி கிளப்புவதற்குள் அவருடைய முறை முடிந்துவிடும்.

எங்கள் பேச்சுக்கு ஒரு வரிசை இருந்தது. யாரும் வகுத்ததில்லை, தானாக அமைந்தது. முதலில் மகள். அவளுடைய புது வார்த்தைகள், புதுச் சட்டை, முட்டியில் சிராய்ப்பு. அடுத்தது சாப்பாடு. நான் வைத்தது என்ன குழம்பு, அங்கே யார் முறைக்குச் சமையல், எவன் உப்பை அள்ளிக் கொட்டினான். அதெல்லாம் முடிந்து அவர் தொண்டையைச் செருமினால் விஷயத்துக்கு வருகிறார் என்று அர்த்தம். விஷயம் எப்போதும் ஒன்றுதான்.

"ஊருக்கு எப்பப் போறீங்க?"

ஊர் என்றால் ஒலக்கூர் பக்கம் அவருடைய அப்பா அம்மா இருக்கும் கிராமம். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அத்தையும் மாமாவும் தனியாக இருந்தார்கள். இங்கே பிள்ளையை வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து, ரயில் பிடித்து, தினமும் விழுப்புரம் போய் வர முடியாது. ஊருக்குப் போவது என்றால் வேலையை விடுவது. அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. "ஊருக்கு எப்ப" என்பது வரை வரும், அவர் வாய் திறந்தபடியே திரையில் நின்றுவிடுவார், அப்புறம் இருட்டு.

முதல் இரண்டு வாரம் நெட் சரியில்லை என்று இருவருமே சொல்லிக்கொண்டோம். மூன்றாவது முறைதான் அந்தச் செய்தி வந்தது. ஆயிடுச்சா, பண்ணிட்டியா. ஒரே சம்பவத்துக்கு இரண்டு சொல். முன்னதில் ஆள் இல்லை, பின்னதில் நான் இருந்தேன். பள்ளியில் தன்வினை பிறவினை என்று படித்திருக்கிறேன். அதற்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

கைபேசியில் கூப்பிட்டு விளக்கினேன். "போர்டு சூடாவுதுங்க. இங்க வெயிலு மண்டையப் பொளக்குது. மேல சீட்டு வேற."

"மொதல்ல புள்ளகிட்ட பேசறப்ப சூடாவலியா? கொழம்பு பத்தி பேசறப்ப ஆவலியா? நான் ஊர்ப் பேச்ச எடுத்தா மட்டும் கரெக்டா சூடாவுதா?"

"அதுக்குத் தெரியுமா நீங்க என்னா பேசறீங்கன்னு?"

"அதுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல."

அன்று சாயங்காலம் யாரையும் கூப்பிடாமல் கேமராவை மட்டும் ஓடவிட்டு டிவிக்கு எதிரில் உட்கார்ந்தேன். திரையில் என் முகமே தெரிந்தது. மகள் என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் திரையின் மூலையில் சிவப்பாக ஒரு சின்ன வெப்பமானிப் படம் வந்தது. பலகை அளவுக்கு மேல் சூடாகிவிட்டால் வரும் எச்சரிக்கை அது. அதோடு வந்திருந்த ஓட்டை இல்லாத பிளாஸ்டிக் உறையைத் தொட்டேன், சுட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் என் முகம் அசைவற்று நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன். மகளும் குழம்பும் முடிந்து அவர் தொண்டையைச் செருமுவதற்கு ஆகும் நேரமும் பலகையின் மூளையான அந்தச் சில்லு கொதிப்பதற்கு ஆகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் பொய் மாதிரியே இருக்கும். எனக்கே பொய் மாதிரிதான் இருந்தது.

எனக்கும் சந்தேகங்கள் இருந்தன. அந்த வாரம்தான் மகள் படியில் தடுக்கி நெற்றியில் சின்னதாக வீங்கியிருந்தது. அவர் வீணாகப் பயப்படுவார் என்று நான் சொல்லவில்லை, முடியை முன்னால் இழுத்து வாரியிருந்தேன். அவர் திரையில் வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "நெத்தி எப்பிடி இருக்குது?"

கீழே போய் அக்காவிடம் கேட்டேன். "எங்க அத்தைக்குப் போன் பண்ணீங்களாக்கா?"

"நான் எதுக்கு டீச்சரு பண்ணப் போறேன்? அவங்கதான் பண்ணாங்க. பேத்தி எப்பிடி இருக்குதுன்னு கேட்டா, நல்லாத்தான் கீது, நெத்தியில மட்டும் சின்னதா வீங்கிக்கினு கீதுன்னு சொன்னேன். இல்லாததையா சொன்னேன்?"

"வேற என்னா கேட்டாங்க?"

"நீ எத்தினி மணிக்கு வர்றேன்னு கேட்டாங்க. ரயிலு என்னிக்கு ஜல்தியா வந்துது, அது வர்றப்பதான் வருதுன்னு சொன்னேன். ஏன், அது தப்பா?"

தப்பில்லைதான். ஆனால் அதற்குப் பிறகு, அத்தை கேட்கச் சொல்வதை இவர் கேட்கிறாரா, இவர் கேட்கச் சொல்வதை அத்தை கேட்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் அப்போது வந்ததுதான்.

சூடு என்ற காரணத்தை இல்லாமல் ஆக்கிவிட்டால் அவர் சந்தேகம் தீரும் என்று முடிவு செய்தேன். ஃபேன் வைத்த பெட்டி ஒன்று செய்ய வேண்டும்.

விழுப்புரத்தில், கல்லூரி முடிந்து ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஐந்து வோல்ட்டில் ஓடும் ஃபேன் கேட்டேன். கடைக்காரர் எடுத்துக்கொண்டே கேட்டார்.

"கேமரா பொட்டிக்கா மேடம்?"

"ஆமா, கேமராவும் இருக்குது."

"வூட்ல வேலைக்காரம்மா மேல டவுட்டா?"

"அதெல்லாம் இல்லீங்க. வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்காரு. அவரு பாக்கறதுக்கு."

கடைக்காரர் ஃபேனைக் காகிதத்தில் மடித்தபடி, "ஓ, உங்களப் பாக்கறதுக்கா" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ரயிலில் திரும்பும்போது அந்த 'உங்களை' என்பது கூடவே வந்தது. கேமராவை டிவிக்கு மேல் வைக்கச் சொன்னவர் என் கணவர்தான். அங்கிருந்து பார்த்தால் கூடம் முழுவதும் தெரியும், வாசற்கதவு உட்பட. பலகையை இரவும் பகலும் அணைக்க வேண்டாம், அணைத்து அணைத்துப் போட்டால் கெட்டுவிடும் என்று சொன்னவரும் அவர்தான். அது உண்மைதானா? நானே மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறவள், எனக்குத் தெரியாதா? தெரியும், ஆனால் உறுதியாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேமராவின் மேல் மகளுடைய குல்லாயைக் கவிழ்த்தேன். ஞாயிறு காலையில் எடுத்தேன்.

பெட்டிக்காகப் பக்கத்துத் தெரு ஹார்டுவேர் கடையில் வெள்ளை பிளாஸ்டிக் சுவிட்ச் பாக்ஸ் ஒன்று வாங்கினேன், சுவரில் சுவிட்ச் பொருத்துவதற்கு வைப்பார்களே, அது. கல்லூரி லேபிலிருந்து கைத்துளைப்பானைக் கேட்டு எடுத்துவந்தேன். மூடியில் ஃபேன் அளவுக்கு வட்டம் வரைந்து, சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டையாகப் போட்டு, நடுவை உடைத்து எடுத்து, ஓரத்தை அரத்தால் ராவினேன். காற்று போக அதே மூடியில் இன்னும் சில ஓட்டைகள் போட்டேன். மகளின் விரல் உள்ளே போகக் கூடாது என்று ஃபேனுக்கு மேல் கொசுவலைத் துண்டு வைத்துத் திருகினேன். கொசுவலை போதுமா என்று சந்தேகம் வந்து, கம்பி வலையும் வைத்தேன். கம்பி முனை குத்துமோ என்று அதன் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டினேன். கடைசியில் அது ஃபேன் மாதிரி இல்லை, காயத்துக்குக் கட்டுப்போட்ட மாதிரி இருந்தது. சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் பலகையின் பின்களில் செருகியதும் குர்ர் என்று ஓடியது.

சத்தம் கேட்டு அக்கா மேலே வந்தார். வாசலிலேயே நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டார். கேமரா வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

"என்னா டீச்சரு, பொட்டிக்கே ஃபேனா? நம்ம ரூம்புல ஓடற ஃபேனு பத்தலியா அதுக்கு?"

"உள்ள சூடாவுதுக்கா."

"அது வழியா உங்க வூட்டுக்காரரு இப்பப் பாக்கறாரா?"

"இல்லக்கா, குல்லா போட்டிருக்கேன்ல."

அக்கா குல்லாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அவரு பாக்கணும்னு பொட்டி செய்யற. பாக்கக் கூடாதுன்னு குல்லா போடற. நல்லா இருக்குதும்மா உங்க பொழப்பு."

அந்த ஞாயிறு நான் நம்பிக்கையோடு உட்கார்ந்தேன். மகள் பாடினாள். குழம்பு வந்தது, போனது. அவர் தொண்டையைச் செருமினார். மூலையில் சிவப்பு வெப்பமானி வந்தது. "ஊருக்கு..." என்று அவர் வாய் திறந்தபடி நின்றார்.

இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை. பெட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பு என்று மட்டும் செய்தி வந்தது. மூடி திறந்தபடி ஒன்று, மூடியபடி ஒன்று அனுப்பினேன். பதில் குரல் செய்தியாக வந்தது. பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.

"ஃபேனு மூடியில இருக்குது. காத்து வெளிய போற ஓட்டையும் அதே மூடியில, ஃபேனுக்குப் பக்கத்துலயே போட்டிருக்க. மேல போற காத்து மேலயே திரும்பிக்கினு வந்துடும். அடியில சூடு அப்பிடியே நிக்கும். ஏசிக்காரன் பொண்டாட்டி நீ. எலக்ட்ரானிக்ஸ் டீச்சரு வேற. இது உனக்குத் தெரியாதுன்னு நான் நம்பணுமா?"

அந்தச் செய்தியை நான் பலமுறை கேட்டேன். ஏனென்றால் எனக்கு அது தெரியும். சூடான காற்று வெளியேற, ஃபேனுக்கு எதிர்ப்புறம் வழி வைக்க வேண்டும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறேன். மாணவன் ஒருவன் இப்படிச் செய்து கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். பக்கவாட்டில் ஓட்டை போட்டால் எறும்பு ஏறும், மகள் குச்சியை விடுவாள், அதனால் மேலேயே எல்லாம் இருக்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அவ்வளவுதானா? மற்றதற்கெல்லாம் ஒன்றுக்கு மூன்று முறை யோசிக்கிறவள் இதற்கு மட்டும் ஏன் யோசிக்கவில்லை? அவர் என்னைச் சந்தேகப்பட்டதில் எனக்குக் கோபம் வந்தது. நானும் அவர் பக்கம் போய் நின்று என்னையே அதே கேள்வி கேட்பதுதான் தாங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மூடியிலிருந்த மற்ற ஓட்டைகளை டேப்பால் அடைத்தேன். பெட்டியின் அடிப்பாகத்தில், ஃபேனிலிருந்து தள்ளி, நான்கு பக்கமும் வரிசையாகத் துளை போட்டேன். சூடான சில்லின் மேல் ஒரு அலுமினியத் துண்டை ஒட்டினேன். பெட்டி தரையில் படியாமல் இருக்க மகளுடைய சளி மருந்து பாட்டில் மூடிகளைக் கால்களாக வைத்தேன். அடிப்பக்கம் கையை நீட்டிப் பார்த்தேன். இளஞ்சூடாகக் காற்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. கேமராவை ஓடவிட்டு, சமைத்து, மகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி முடித்தேன். வெப்பமானி வரவில்லை.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த ஞாயிறும் வரும். அவர் அந்தக் கேள்வியைக் கேட்டு முடிப்பார். அதற்குப் பிறகு திரை கறுக்காது.

ஞாயிறு வந்தது. மகள் பாடிவிட்டு, டிவிக்கு ஒரு முறுக்கை நீட்டி, அவர் வாங்காததால் தானே தின்றாள். நான் கத்தரிக்காய் மொச்சைக் குழம்பு என்றேன். அவர்கள் அறையில் சமையல் முறைக்காரன் ஓடிப்போய்விட்டான், ரொட்டிதான் என்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஊருக்கு எப்பப் போறீங்க?"

முழுக் கேள்வியும் வந்து சேர்ந்தது. நான் திரையின் மூலையைப் பார்த்தேன்.

"எங்க பாக்குற?"

"இல்ல, சூட்டுக் குறி வருதான்னு பாக்கறேன்."

"வருதா?"

"வரல."

"அப்பச் சொல்லு."

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மகள் என் மடியில் வந்து உட்கார்ந்து முறுக்குத் தூளை என் புடவையில் துடைத்தாள்.

"நான் போவலீங்க," என்றேன். "அங்க போனா வேலைய வுடணும். எனக்கு வுட மனசில்ல. புள்ள இங்க நல்லாத்தான் இருக்கா. விழுந்தா சொல்றேன். இனிமே நானே சொல்றேன். அத்தையும் மாமாவும் இங்க வந்து இருக்கறதுன்னா வரட்டும், நான் பாத்துக்கறேன். நான் அங்க போவல."

படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். கண் சிமிட்டினார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள கட் ஆயிடுதே."

"போன்ல சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்களும் போன்ல கேக்கலியே," என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் கீழே குனிந்தது. அப்படியே நின்றது. பிறகு அவர் இருந்த கட்டம் மட்டும் கறுத்தது. ஓரத்தில் நானும் மகளும் சின்னதாக, உயிரோடு, அசைந்துகொண்டிருந்தோம். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை.

"இங்க நெட் போச்சு" என்று செய்தி வந்தது. அவர் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று காட்டிக்கொண்டிருந்தது. அறையின் நெட் போனாலும் கைபேசிக்குத் தனி நெட் இருக்கும். இருக்கலாம். சரி என்று மட்டும் எழுதினேன்.

அந்த வாரம் முழுவதும் அவர் பேசவில்லை. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ படம் தினமும் வந்தது. அது எனக்கு மட்டும் வந்ததா, எல்லோருக்கும் அனுப்புவதில் எனக்கும் ஒன்றா என்று தெரியவில்லை. அத்தை கூப்பிட்டாரா என்று அக்காவிடம் கேட்டேன். "இல்லியே டீச்சரு" என்றார், கொஞ்சம் யோசித்துவிட்டு. அந்த யோசனை எதற்கு என்று நான் இரண்டு நாள் யோசித்தேன்.

அடுத்த ஞாயிறு வழக்கமான நேரத்தில் டிவியில் அவர் வந்தார். முடி வெட்டியிருந்தார். மகளோடு வெகுநேரம் பேசினார். சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம். பிறகு தொண்டையைச் செருமினார். என் கை தானாகப் பெட்டியின் பக்கம் போனது.

"அம்மாகிட்டப் பேசிட்டேன்," என்றார். "ஜூன்ல புள்ளைக்குத் திண்டிவனத்துலயே ஒரு ஸ்கூலு பாரு."

"அவங்க என்னா சொன்னாங்க?"

"என்னா சொல்லுவாங்க. காலேஜுல உன்ன வுட மாட்டன்றாங்கன்னு சொல்லிட்டேன். இத்தினி வருசம் வேல பாக்கணும்னு ஏதோ எழுதி வாங்கிக்கினு இருக்காங்க, நடுவுல நின்னா பேஜாருன்னு சொன்னேன்."

"அப்பிடியா சொன்னீங்க? அப்பிடி ஒண்ணும் இல்லியே."

"பின்ன என்னான்னு சொல்றது? அவ போவ மாட்டேன்னு சொல்றான்னா?"

எனக்காகச் சொன்னாரா, தன் மானத்துக்காகச் சொன்னாரா, அல்லது எழுதி வாங்கியது ஒரு நாள் முடியத்தானே வேண்டும் என்று அடுத்த கேள்விக்கு இடம் வைத்தாரா, திரையில் தெரிந்த முகத்திலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. படம் துல்லியமாகத்தான் இருந்தது. அவருடைய முறை முடியும் வரை பேசினோம். அவர் கையசைத்து, மகளும் கையசைத்த பிறகு, நான்தான் கட் பண்ணினேன்.

மறுநாள் சாயங்காலம் ரயிலில் இருக்கும்போது அத்தை கூப்பிட்டார். "ஏம்மா, காலேஜுல உன்ன வுட மாட்டன்றாங்களாமே, நெசமா?"

பெட்டியில் கூட்டம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஆமாங்க அத்த," என்றேன்.